கொன்றது யார் என்று கல்லிடம் கேட்டால்

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், காவிரிக்கரைக் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி (சிதம்பரம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை): அம்மா, ‘பொன்னியின் செல்வன்’ நாவலும் படமும் வந்த பிறகு என் வகுப்புப் பிள்ளைகள் விடாமல் கேட்கிறார்கள், ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று. “கல்வெட்டிலேயே பெயர் இருக்கிறதாமே டீச்சர்” என்கிறான் ஒரு பையன். அப்படியானால் வரலாற்று அறிஞர்கள் ஏன் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

பதில்: பையன் சொல்வது சரி. பெயர் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம், காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில். பிள்ளைகளை ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். நான் முதன்முதலாகப் போனது எம்.ஏ. படிக்கும்போது, எங்கள் ஆசிரியரோடு. அவர் கல்வெட்டைக் காட்டுவதற்கு முன்னால் ஒன்று சொன்னார்: “உனக்கு என்ன வேண்டும் என்பதை மறந்துவிட்டு, இதை வெட்டச் சொன்னவனுக்கு என்ன வேண்டியிருந்தது என்று பார்.” அந்த வயதில் எனக்கு வேண்டியிருந்தது கொலைகாரன் பெயர். அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

“பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான” என்று கல் சொல்கிறது. பிறகு சோமன், ரவிதாசன் என்ற பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரன் என்ற இருமுடிசோழ பிரமாதிராஜன் என்று வருகிறது. அதோடு நின்றுவிடவில்லை. தம்பிமார், அவர்கள் மக்கள், பேரப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள் என்று உறவுக்காரர் வரிசை நீண்டுகொண்டே போகிறது. விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்த எனக்கு எரிச்சலாக இருந்தது. கத்தி எங்கே, சதி எங்கே, இந்த மாமன் மச்சான் பட்டியல் எதற்கு?

எதற்கு என்றால், சொத்துக்கு. இந்தக் கல்வெட்டு ஒரு கொலை விசாரணையின் தீர்ப்பு இல்லை. துரோகிகள் என்று சொல்லப்பட்டவர்கள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரின் உடைமைகளை விற்க வேண்டும் என்று வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற அந்தப் பிராமணர் ஊரின் சபைக்கு வந்த அரசாணை அது. அப்படி விற்ற நிலத்தை ஒருவர் வாங்கிக் கோயிலில் அறம் ஒன்றை வைத்தார். நாளைக்கு யாரும் “இது எங்கள் பாட்டன் நிலம்” என்று வந்து நிற்கக் கூடாது. அதற்காகத்தான் கல்லில் வெட்டினார்கள். இன்றைய பேச்சில் சொன்னால், வாங்கியவரின் கையில் இருக்கும் தாய்ப்பத்திரம். கொலை அதில் போகிற போக்கில் வருகிறது.

அப்படி வருவதால்தான் அதற்கு மதிப்பு அதிகம். பத்திரம் எழுதுகிறவர் தெற்கே யார் வீடு, வடக்கே யார் வயல் என்று எல்லை சொல்லும்போது அந்த வீட்டைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்குக் காரணம் கிடையாது. அதே போல, கரிகாலன் கொல்லப்பட்டான், இன்னின்னார் அரசாங்கத்தின் கண்ணில் துரோகிகள், இந்த இரண்டையும் நான் தயங்காமல் ஏற்பேன். அதைத் தாண்டி ஏன் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்று கேட்டால் கல் பதில் சொல்லாது. அதன் வேலை அது இல்லை.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், நிச்சயம் ரசிப்பார்கள். அந்தக் கல்வெட்டில் ராஜராஜன் என்ற பெயரே கிடையாது. “கோராஜகேசரி”, இரண்டாம் ஆட்சியாண்டு, அவ்வளவுதான். அப்புறம் எப்படி அது ராஜராஜன் என்கிறோம்? சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். சுந்தர சோழன் ராஜகேசரி. அவன் மகன் ஆதித்தன் பரகேசரி. அடுத்து ஆண்ட உத்தம சோழனும் பரகேசரி. அவனுக்குப் பின் 985-இல் பட்டத்துக்கு வந்த ராஜராஜன் ராஜகேசரி. சுந்தர சோழனின் இரண்டாம் ஆண்டில் ஆதித்தன் உயிரோடு இருந்தான், ஆகவே அது இல்லை. உத்தமன் ராஜகேசரியே இல்லை. மிச்சம் ராஜராஜன். பெயர் எழுதாத ஒரு கல்லுக்கு ஆளைக் கண்டுபிடித்தது இப்படித்தான். எனக்கு இது எந்தத் துப்பறியும் கதையையும் விடப் பிடிக்கும்.

சரி, சண்டைக்கு வருவோம். கொலை நடந்தது 969 வாக்கில். ஆணை வந்தது ராஜராஜனின் இரண்டாம் ஆண்டில். நடுவில் உத்தம சோழன் சுமார் 15, 16 ஆண்டுகள் ஆண்டிருக்கிறான். அத்தனை காலம் இந்தத் துரோகிகள் மேல் கை வைக்கவில்லை என்றால் அவனுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி எழுதினார். இன்னொரு வரலாற்றறிஞர் சதாசிவப் பண்டாரத்தார் மறுத்தார்.

சாஸ்திரியாரின் நூல்களைப் படித்து வளர்ந்தவள் நான். ஆனால் இந்த இடத்தில் அவர் கல்லை மீறிப் போகிறார் என்றே நினைக்கிறேன். “இந்த ஆண்டில் நிலத்தை விற்றார்கள்” என்று கல் சொல்கிறது. “இதற்கு முன் எதுவும் நடக்கவில்லை” என்று அது சொல்லவில்லை. இன்றைக்கும் ஜப்தி செய்த சொத்து ஏலத்துக்கு வர எத்தனை வருடம் ஆகிறது என்று நமக்குத் தெரியும். தண்டனை உத்தமன் காலத்திலேயே நடந்து, சொத்து விற்பனை மட்டும் இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், அதற்கும் கையில் சான்று கிடையாது. உத்தம சோழனின் மகன் கண்டராதித்தன் மதுராந்தகன் ராஜராஜன் ஆட்சியில் கோயில் நிர்வாகத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்தார். உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி கடைசிவரை மதிப்போடு வாழ்ந்தார். அண்ணனைக் கொன்றவன் என்று ராஜராஜன் நம்பியிருந்தால் அந்தக் குடும்பத்தை இப்படியா வைத்திருப்பான் என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அரண்மனைகளில் விரோதத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு மரியாதை செய்வதும் உண்டு.

இன்னொரு வாதம், கொன்றவர்கள் பாண்டிய நாட்டு ஆட்கள், கரிகாலன் தலைகொண்ட பாண்டிய மன்னன் வீரபாண்டியனுக்காகப் பழி வாங்கினார்கள் என்பது. ‘பஞ்சவன்’ என்றால் பாண்டியன், ரவிதாசனின் பட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறதே என்பார்கள். ராஜராஜனின் சொந்த அரசி ஒருத்தியின் பெயர் பஞ்சவன் மாதேவி. ரவிதாசனின் தம்பி பட்டமோ ‘இருமுடிசோழ’ என்று சோழன் பெயரில் இருக்கிறது. ஒரு பட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவனை எந்த நாட்டுக்காரன் என்று முடிவு கட்ட முடியாது.

திருவாலங்காட்டுச் செப்பேடு என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ராஜராஜனின் மகன் ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது, நிகழ்ச்சி நடந்து சுமார் ஐம்பது வருடம் கழித்து. ஆதித்தன் சொர்க்கம் போனான், குடிமக்கள் அருள்மொழியை, அதாவது ராஜராஜனை, பட்டமேறச் சொன்னார்கள், சிற்றப்பன் உத்தமன் ஆள விரும்பும்வரை வேண்டாம் என்று அவன் விலகினான் என்று அந்த வடமொழிச் செய்யுள் பாடுகிறது. கொலை என்ற பேச்சே இல்லை. ராஜேந்திரனுடைய அவையில், அவன் தகப்பனின் பெருந்தன்மையைப் பாட வந்த கவிக்கு அந்த ரத்தக் கறை எதற்கு? கவி சொன்னதை மட்டும் வைத்திருந்தால் ஆதித்தன் நோயில் இறந்தான் என்றுகூட நாம் எழுதியிருப்போம். ஒரு நில விற்பனைக் கல்தான் காப்பாற்றியது.

பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: யாரைத் துரோகி என்றார்கள் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பரவாயில்லை. எனக்கும் அன்றைக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கேள்வி (மதுரை வாசகர்): மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அரசனைப் பாடும் பகுதி, என்றாலே புகழ்ச்சி. “தலைகொண்ட”, “வென்ற” என்று ஆளாளுக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். பிறகு எதை நம்புவது?

பதில்: மதுரைக்காரர் என்பதால் உங்கள் ஊர் வீரபாண்டியனையே எடுத்துக்கொள்கிறேன். ஆதித்த கரிகாலன் தன்னை “வீரபாண்டியன் தலைகொண்ட” என்று சொல்லிக்கொள்கிறான். பார்த்திவேந்திரவர்மன் என்ற ஒருவனும் தொண்டைநாட்டுக் கல்வெட்டுகளில் அதே பட்டத்தோடு நிற்கிறான். இருவரும் ஒரே ஆள்தான் என்பாரும் உண்டு. கொடும்பாளூர்ச் சிற்றரசன் பூதி விக்கிரமகேசரியும் வீரபாண்டியனோடு போரிட்டதாக மூவர்கோயில் கல்வெட்டு கூறுகிறது. சுந்தர சோழனுக்கோ “பாண்டியனைச் சுரம் இறக்கின” என்று பட்டம், அதாவது காட்டுக்கு விரட்டியவன். ஒரு பாண்டியனுக்கு எத்தனை தலை?

இதில் வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. வீரபாண்டியனின் சொந்தக் கல்வெட்டுகளைப் பாருங்கள். அவன் பட்டம் “சோழன் தலைகொண்ட”! அவன் கையில் தலை இழந்த சோழ அரசன் யார் என்று தேடினால் உறுதியாக ஒருவரையும் காட்ட முடியவில்லை. யாரோ ஒரு சோழ இளவரசன் மாண்டிருக்கலாம் என்றார்கள். தலைகொள்வது என்றால் வெட்டுவது அல்ல, போரில் தலைவணங்க வைப்பது என்றும் சிலர் பொருள் கொண்டார்கள். ஆனால் ஆதித்தன் பாண்டியன் தலையைத் தன் நகரில் வெற்றித்தூண்போல நிறுத்தினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பாடுகிறது. அது ஐம்பது வருடத்துக்குப் பிந்திய கவியின் வாக்கு என்பதை இங்கேயும் மறக்கக் கூடாது.

நான் செய்வது இதுதான். மெய்க்கீர்த்தியின் வினைச்சொல்லை நம்ப மாட்டேன், பெயர்களை நம்புவேன். யார் யாரோடு மோதினார்கள் என்பது இரண்டு பக்கக் கல்வெட்டிலும் ஒத்துப்போகிறது. மோதலின் முடிவைச் சொல்வதில்தான் கல் பெருமை பேசத் தொடங்குகிறது. வென்ற ஊர் எது என்று சரிபார்க்க, அந்த ஊரில் வென்றவனின் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு கிடைக்கிறதா என்று பார்ப்பேன். வரி கட்டியவனும் விளக்குக்கு ஆடு கொடுத்தவனும் யாருடைய ஆண்டைக் கணக்கில் எழுதுகிறார்களோ, அவன்தான் அந்த ஊரை ஆள்கிறான்.

கேள்வி (புதுச்சேரி, கல்லூரி மாணவர்): கல்வெட்டு, செப்பேடு எல்லாம் அரசாங்கச் சங்கதி. நாட்குறிப்பு அப்படி இல்லையே? ஆனந்தரங்கப் பிள்ளை அன்றன்றைக்குப் பார்த்ததை எழுதினார். அதை அப்படியே நம்பலாம் அல்லவா?

பதில்: தம்பி, உங்கள் ஊர்ப் பொக்கிஷம் அது. 1736-இல் தொடங்கி, ஆங்கிலேயரிடம் பாண்டிச்சேரி விழுந்த அதே 1761 ஜனவரியில் அவர் இறக்கும்வரை, நடுநடுவே விட்டுப்போன பகுதிகளோடு, இருபத்தைந்து வருடம். நான் எப்போது எடுத்தாலும் ஐந்து பக்கம் படிக்க நினைத்து ஐம்பது பக்கம் போய்விடுவேன்.

ஆனால் ‘பார்த்ததை எழுதினார்’ என்பதில் கொஞ்சம் நிதானியுங்கள். அவர் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் முகவரும். பார்த்ததும் எழுதினார், கேட்டதும் எழுதினார், ஆள் வைத்து விசாரித்ததும் எழுதினார். மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும். படிக்கும்போது ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் ‘கண்டது’, ‘கேட்டது’ என்று குறித்துக்கொண்டே போங்கள். நான் மாணவர்களைச் செய்ய வைத்த பயிற்சி அது. நாலு பக்கத்திலேயே புத்தகம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயிலை இடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் ஊரை முற்றுகை இட்டிருந்த நேரம். இடித்தது நடந்த விஷயம், அதில் சந்தேகம் இல்லை. தூண்டியது யார் என்று வரும்போது பிள்ளை டூப்ளேயின் மனைவி பக்கம் கை நீட்டுகிறார். அந்த அம்மாளுக்கும் பிள்ளைக்கும் ஆகாது. பதவிக்கு யாரை வைப்பது, யார் சொல் எடுபடுவது என்று இரண்டு பேருக்கும் இழுபறி. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாளுக்குப் பங்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோயிலை அகற்ற வேண்டும் என்று ஏசு சபைப் பாதிரிமார் டூப்ளே கவர்னராக வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே முயன்றுவந்தார்கள். பழியை ஒரு பெண்மேல் மட்டும் இறக்கிவைத்தால் அந்தப் பழைய முயற்சி கண்ணுக்கு மறைந்துவிடும்.

அதே பிள்ளை, கப்பல் வந்த நாள், துணிச் சரக்கின் விலை, யார் யாருக்கு எத்தனை குண்டு போட்டு மரியாதை செய்தார்கள் என்று எழுதும்போது எனக்கு முழு நம்பிக்கை. வியாபாரி. அந்தக் கணக்குத் தப்பினால் நஷ்டம் அவருக்குத்தான்.

இன்னொரு விஷயம். நாம் படிப்பது அவர் கைப்பட எழுதிய ஏடு என்று பலர் நினைக்கிறார்கள். 1846-இல் கலுவா மோம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு எடுத்த படிகளின் வழியாகத்தான் பெரும்பகுதி நம்மிடம் வந்தது. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்த ஆங்கிலப் பெயர்ப்பும் படியிலிருந்து செய்ததுதான். ஒரு சொல்லை வைத்துப் பெரிய வாதம் கட்டுவதற்கு முன்னால், அது பிள்ளையின் சொல்லா, படி எடுத்தவரின் சொல்லா, மொழிபெயர்த்தவரின் சொல்லா என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் படித்துவிட்டு அதைத் தமிழில் திருப்பி, பிள்ளை சொன்னார் என்று மேற்கோள் குறி போடுகிற கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. அவர் எழுதியதே தமிழில்!

கேள்வி (திருவண்ணாமலை வாசகர்): ஆய்வாளர்கள் பத்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றிப் பேசுகிறார்களே?

பதில்: பேசட்டும். உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு ‘சதியபுதோ’ என்று ஒருவரைச் சொல்கிறது. அது யார் என்று எத்தனையோ பேர் எத்தனையோ ஊரைச் சொன்னார்கள். 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு குகையில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ஒரு வரியைக் கண்டுபிடித்தது: “சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி.” சமண முனிவருக்குப் படுக்கை கொடுத்த சேதி. நம் அதியமான்! மாற்றிப் பேசாமல் என்ன செய்வது?

கேள்வி (சேலம் மாவட்டத்து வாசகி): தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கிரயப் பத்திரம் கிடைத்தது. “தாது வருஷம் ஐப்பசி மாதம்” என்று இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தில் ஒரு மரக்கால் தானியத்துக்கு நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டு வந்தோம் என்று பாட்டி சொல்வார். இதுதான் அந்தப் பத்திரமா?

பதில்: இருக்கலாம் அம்மா. ஆனால் தாது அறுபது வருடத்துக்கு ஒரு முறை வரும். 1816, 1876, 1936 மூன்றுமே தாது. பஞ்சம் வந்தது 1876-இல். முதலில் முத்திரையைப் பாருங்கள். விக்டோரியா ராணி தலை இருந்தால் 1876. கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை இருந்தால் 1816. 1936-க்கு ஆண் தலை இருக்க வேண்டும். முத்திரை கிழிந்துபோயிருந்தால் விலையைப் பாருங்கள். வராகனில் பேசுகிறதா, ரூபாய் அணாவிலா? சென்னை மாகாணத்தில் ரூபாய் கணக்கு வந்தது 1818-இல். பத்திரப் பதிவு அலுவலகத்தின் எண்ணும் முத்திரையும் பின்னால் இருந்தால் 1816-ஐ மறந்துவிடலாம், அந்த அலுவலகங்கள் 1860-களில் வந்தவை. கிழமையும் தேதியும் சேர்ந்து இருந்தால் இன்னும் நல்லது. எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கணித்து வைத்த பஞ்சாங்க அட்டவணையில் மூன்று வருடத்தையும் பார்த்தால் எந்த ஆண்டில் அந்தக் கிழமை பொருந்துகிறது என்று தெரிந்துவிடும்.

1876 என்றே வந்தாலும், பத்திரத்தில் “என் குடும்பச் செலவுக்காக” என்று எழுதியிருந்தால் அதைப் பஞ்சத்துக்குச் சான்றாக எடுக்காதீர்கள், பஞ்சம் இல்லை என்பதற்கும் எடுக்காதீர்கள். எழுத்தர்கள் வழக்கமாக எழுதும் வாசகம் அது. அதற்குப் பதில் விலையைப் பாருங்கள். அதே ஊரில், அதற்கு முன் சில வருடங்களில் நடந்த கிரயம் ஏதாவது உங்கள் பெட்டியிலோ பங்காளி வீட்டிலோ இருந்தால் ஒப்பிடுங்கள். காணிக்கு விலை பாதியாகி இருந்தால் பஞ்சம் அந்த எண்ணில் இருக்கிறது. வாங்கியவர் யார், சாட்சி போட்டவர்கள் யார் என்றும் பாருங்கள். விற்றவரின் மச்சானே வாங்கியிருந்தால் கதை வேறு.

பாட்டி சொன்ன மரக்கால் தானியம் பத்திரத்தில் இல்லை என்றால் பாட்டி பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். ஒரு பெரிய பஞ்சம், முன்னும் பின்னும் நடந்த இடப்பெயர்ச்சி எல்லாவற்றையும் தன் பெயரில் இழுத்துக்கொள்ளும், குடும்ப நினைவு அப்படித்தான் வேலை செய்யும். வருடத்தை அவர் தவறவிடலாம். வண்டியில் என்ன ஏற்றினார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள், எந்த ஊரில் முதல் ராத்திரி தங்கினார்கள் என்று சொல்லியிருந்தால் அவற்றை இன்றைக்கே, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதையும் அடியில் எழுதுங்கள்.

பத்திரத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். மடிப்பில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டு பருத்தித் துணிக்கு நடுவில் தட்டையாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள், அங்கே வேறு யாரோ, வேறு மையில், ஏதாவது கூட்டல் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.